முதல் வருஷத் தேன் யாருக்கு?

கோயமுத்தூர்ப் பக்கம் யாராவது தோட்டத்தில் ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்துவிட்டால் போதும், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஏனுங்க, தேன் எத்தனை கிலோ வருமுங்க?" இரண்டாவது கேள்வி, "கொட்டாதுங்களா?" மூன்றாவது கேள்வி பெரும்பாலும் இருக்காது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பம்புசெட்டு, பனியன், கோழிப்பண்ணை, விசைத்தறி என்று எதைத் தொட்டாலும் "எவ்வளவு போட்டால் எவ்வளவு வரும்" என்று மனக்கணக்குப் போட்டுப் பார்க்கிற சீமை இது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இந்த வறண்ட நிலத்தில் இத்தனை தொழில்கள் வந்திருக்காது. ஆனால் தேனீ விஷயத்தில் அந்தக் கேள்வி தவறான நேரத்தில் கேட்கப்படுகிறது. பெட்டி வைத்த முதல் பருவத்தில் கேட்க வேண்டியது, "ஆடி தாண்டுமுங்களா?" என்பதுதான்.

ஏன் என்று பார்ப்போம்.

இந்தியத் தேனீ (அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள்) ஒரு பெட்டிக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டு கிலோ தேன் தரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இத்தாலியத் தேனீ என்றால் 25 கிலோவுக்கு மேலும் போகும். பத்துப் பெட்டி, எட்டுக் கிலோ, கிலோ இத்தனை ரூபாய் என்று பெருக்கினால் காகிதத்தில் அழகான தொகை வருகிறது. பெருக்கலில் பிழை இல்லை. அந்த ஆறும் எட்டும் யாருடைய பெட்டிக்கு என்பதில்தான் சிக்கல். நிலைபெற்ற கூட்டம், கை பழகிய ஆள், சுற்றிலும் பூ, இந்த மூன்றும் சேர்ந்த இடத்துக் கணக்கு அது. தை மாதம் நான்கு சட்டத்தோடு வந்து இறங்கிய கூட்டத்துக்கும், ராணியை இன்னும் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத ஆளுக்கும் அது பொருந்தாது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிற பாடம், மூலதனத்தையும் வருமானத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது. கம்பெனிச் சட்டமும் (2013ஆம் வருஷச் சட்டம், 123ஆவது பிரிவு) ஈவுத்தொகையை லாபத்திலிருந்துதான் கொடுக்கச் சொல்கிறது. முதலை எடுத்துப் பங்கு பிரித்துவிட்டு "நல்ல லாபம்" என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதல் பருவத்தில் பெட்டியைத் திறந்து தேனை வழித்தெடுப்பது பெரும்பாலும் இந்த வேலைதான். உள்ளே இருப்பது லாபம் மாதிரி தெரியும், இனிக்கவும் செய்யும் :-) ஆனால் கணக்கில் அது நடைமுறை மூலதனம். அதை வைத்துத்தான் அந்தக் கூட்டம் மெழுகு சுரக்க வேண்டும், அடை கட்ட வேண்டும், புழுக்களை வளர்க்க வேண்டும், பூ இல்லாத மாதங்களைத் தள்ள வேண்டும். ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறேழு கிலோ தேனாவது செலவாகும் என்று தேனீ வளர்ப்புப் புத்தகங்கள் சொல்கின்றன. பழைய ஆளின் பெட்டியில் கட்டிய அடை ஏற்கெனவே இருக்கும். புதியவரின் தேனீயோ ஃபேக்டரியைக் கட்டிக்கொண்டே உற்பத்தியும் செய்ய வேண்டியிருக்கிறது.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் இந்தியத் தேனீக்குப் பெரும்பாலும் பயன்படுவது நியூட்டன் பெட்டி. பேரைப் பார்த்து ஆப்பிள் விழுந்த நியூட்டன் என்று நினைத்துவிடக் கூடாது. திருச்சியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் ஒருவரின் பெயர் அது. 1911 முதல் 1917 வரை அவர் தென்னிந்தியக் கிராமத்தவர்கள் பலருக்குத் தேனீ வளர்ப்பு சொல்லிக் கொடுத்தார், நம் தேனீயின் சிறிய உடம்புக்குத் தகுந்த மாதிரி பெட்டியையும் சிறிதாக்கினார். கீழே புழு அறையில் ஏழு சட்டம், மேலே தேன் அறையில் உயரம் குறைந்த சட்டங்கள். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் 1851இல் கண்டுபிடித்த "தேனீ இடைவெளி" என்கிற தத்துவம்தான் இதற்கும் அடிப்படை. இரண்டு அடைகளுக்கு நடுவே தேனீ நடமாடுகிற அளவுக்குச் சரியாக இடம் விட்டால் அது அந்த வழியை அப்படியே விட்டுவைக்கும். கூடுதலாக விட்டால் அங்கேயும் ஒரு அடை கட்டிவிடும். அப்புறம் சட்டத்தைத் தூக்கவே முடியாது. மலிவாக வருகிறதே என்று அளவு தப்பிய பெட்டியை வாங்குகிறவர்கள் இந்தப் பாடத்தை இரண்டே மாதத்தில் படித்துவிடுவார்கள்.

இந்த இரண்டு மாடி அமைப்பில்தான் நியாயமும் இருக்கிறது. மேல்மாடியில் சேர்வது உபரி. கீழ்மாடியில் புழுக்களுக்கு மேலே வளைவாகச் சேமித்து வைத்திருப்பது குடும்பச் சாப்பாடு. புதியவர்கள் செய்வது என்னவென்றால், மேலே எதுவும் சேரவில்லையே என்கிற ஏமாற்றத்தில் கீழே கை வைப்பது. அதோடு கதை முடிந்தது.

சரி, தையில் வந்து இறங்கிய கூட்டத்துக்கு வருஷம் எப்படிப் போகும்? பெட்டியை நிழலில், வாசல் கிழக்குப் பார்க்க, காற்று நேராக அடிக்காத இடத்தில் வைத்து, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாகிவிட்டது. (எறும்புக்குத்தான். அந்தக் கிண்ணம் காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்வதே பாதித் தேனீ வளர்ப்பு.) வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். தினமும் திறக்கக் கூடாது. புதுப் பெட்டிக்காரர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். செல்போனை எடுத்துப் பார்ப்பது மாதிரி மூடியைத் தூக்கிப் பார்க்கக் கை பரபரக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே அவை காப்பாற்றி வைத்திருக்கிற 34, 35 டிகிரி வெப்பம் கலைகிறது, அதைச் சரிசெய்ய மறுபடி தேன் செலவாகிறது.

திறந்தால் எதைப் பார்க்க வேண்டும்? ராணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அறைக்கு ஒரு முட்டை, நொய்யரிசி மாதிரி, அடியில் குத்திட்டு நின்றால் மூன்று நாளைக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். அது போதும். முட்டையிலிருந்து பணித்தேனீ வெளியே வர ஏறக்குறைய இருபது நாள். வந்தவுடன் பூவுக்கும் போய்விடாது. அறை சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு சுரப்பது, வாசல் காவல் என்று இரண்டு மூன்று வாரம் உள்வேலை. ஆக, முட்டைக்கும் முதல் துளி பூந்தேனுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஆறு வாரம். சித்திரையில் வேம்பும் புங்கமும் பூக்கும்போது பறக்க வேண்டிய தேனீ, மாசிக் கடைசி, பங்குனி முதலில் முட்டையாக இருந்திருக்க வேண்டும். பூத்த பிறகு கூட்டத்தைப் பெருக்க முயல்வது, தீபாவளி வாரத்தில் துணிக்கு நூல் ஆர்டர் போடுவது போல.

இதே ஆறு வாரக் கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். வைகாசியில் வீட்டுக்காரர் இரண்டு பாட்டில் தேன் எடுத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பெட்டி வழக்கம்போல இரைந்துகொண்டிருக்கும். "பாருங்க, எடுத்தும் நல்லாத்தானே இருக்குது" என்று தோன்றும். உணவு குறைந்ததும் ராணி முட்டையைக் குறைத்துவிடும். அந்த இடாத முட்டைகளின் கணக்கு வெளியே தெரிவது ஆடியில்.

இதற்கு நடுவே பங்குனி வாக்கில் இன்னொரு சோதனை உண்டு. கூட்டம் நன்றாகப் பெருகினால் பிரியப் பார்க்கும். அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலைக் காய் மாதிரி தொங்கும் ராணி அறைகள்தான் அடையாளம். கவனிக்காவிட்டால் ஒரு நாள் முற்பகலில் பழைய ராணியோடு பாதிக் கூட்டம் வெளியேறி முருங்கைக் கிளையில் தாடி மாதிரி தொங்கும். "தேனீ ஓடிப்போச்சுங்க" என்று ஊரில் சொல்வது இரண்டு வேறு விஷயங்களை. ஒன்று இந்தப் பிரிதல். இது செழிப்பின் விளைவு, பாதி இன்னும் பெட்டியில் இருக்கும். இன்னொன்று மொத்தமும் கிளம்பிப் போவது. அது பசியின் விளைவு, அல்லது பூச்சித் தொல்லையின், ஓயாத தொந்தரவின் விளைவு. முதலாவது நடந்தால் கிளையில் இருப்பதைப் பிடித்து இரண்டாவது பெட்டியில் போடலாம். சொல்லப்போனால் முதல் பருவத்தில் வரக்கூடிய உண்மையான வருமானம் இதுதான், தேன் இல்லை. ஒரு கூட்டம் இரண்டாகிறது. சொத்து பெருகியிருக்கிறது. ஆனால் யாரும் "எத்தனை கூட்டம் ஆச்சுங்க?" என்று கேட்பதில்லை.

இனி ஆடி.

கொங்கு நாட்டின் தட்பவெப்பத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்குப் பெரிய பங்கு உண்டு. மேற்கு மலைத்தொடரில் இருக்கிற அந்த இடைவெளி வழியாக ஆனி, ஆடி, ஆவணியில் காற்று சீறிக்கொண்டு வரும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான். மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் பெரும்பாலும் காற்றாக மட்டும் வந்து சேரும். காற்றாலைக்காரருக்கு அறுவடை மாதம், தேனீக்குப் பஞ்ச மாதம். வேம்பு, புங்கம், புளி எல்லாம் பூத்து முடிந்திருக்கும். பூத்திருக்கிற கொஞ்சநஞ்சத்துக்கும் அந்தக் காற்றில் பறந்து போய்த் திரும்புவது பெரும்பாடு. அம்மியே பறக்கிற மாதத்தில் தேனீ எம்மாத்திரம்!

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை வருஷம் முழுக்கப் பாளை விடுவதால் மகரந்தமும் கொஞ்சம் பூந்தேனும் எப்போதும் கிடைக்கும், ஆடி அங்கே அத்தனை கொடுமை இல்லை. காங்கேயம், பல்லடம், அவிநாசி போன்ற மானாவாரிப் பக்கங்களில் அப்படி இல்லை. கொறங்காட்டு வெள்வேலம் பூக்கிற வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே பொள்ளாச்சி நண்பர் சொன்ன யோசனையை அப்படியே காங்கேயத்தில் பின்பற்றினால் பலிக்காது. ஒரே ஜில்லாப் பேச்சு, ஒரே சாப்பாடு என்றாலும் தேனீக்கு இரண்டும் வேறு வேறு நாடு.

ஆடியில் பட்டினி கிடக்கும் பெட்டியில் நடப்பது ஒரு வரிசையாக நடக்கும். முட்டை குறையும், கூட்டம் சுருங்கும். முன்பு ஏழு சட்டத்தையும் மூடியிருந்த தேனீக்கள் இப்போது மூன்றைத்தான் மூடும். காவல் இல்லாத மற்ற அடைகளில் மெழுகுப் பூச்சி வந்து முட்டையிடும், அதன் புழுக்கள் அடையைத் துளைத்து நூலாம்படை பின்னிவிடும். ஒரு நாள் காலையில் பார்த்தால் மீதியும் கிளம்பிப் போயிருக்கும். "பூச்சி வந்து போச்சுங்க" என்று வீட்டுக்காரர் பூச்சியின் மேல் பழி போடுவார். பூச்சி கடைசியில் வந்தது. பிரச்சினை வைகாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. தேனீ மூடாத காலி அடைகளை ஆனியிலேயே எடுத்துவிட்டு, இடத்தைச் சுருக்கி, சேமிப்பை விட்டுவைத்திருந்தால் பாதிப் பெட்டிகள் தப்பும்.

"அதுக்குத்தான் சர்க்கரைத் தண்ணி இருக்குதுங்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேன் விலை அதிகம், சர்க்கரை விலை குறைவு. ஒன்றை எடுத்து விற்றுவிட்டு மற்றதைக் கொடுத்தால் வித்தியாசம் லாபம்தானே? காகிதத்தில் சரி. சர்க்கரைக் கரைசல் பஞ்சத்தில் உயிரைப் பிடித்து வைக்க உதவும், மறுப்பதற்கில்லை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் சர்க்கரையில் மகரந்தம் கிடையாது. மகரந்தம் இல்லாமல் புழு வளராது. தவிர, பலவீனமான பெட்டியில் கரைசலைச் சிந்தினால் எறும்பும் பக்கத்துக் கூட்டத்துத் தேனீயும் கொள்ளையடிக்க வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பூ வருகிற சமயத்திலும் கரைசலை நிறுத்தாமல் கொடுத்தால் அதுவே அடையில் சேரும். அதை எடுத்து பாட்டிலில் அடைத்து "வீட்டுத் தேன்" என்று விற்றால் அது என்ன? 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேன்களைச் சோதித்து, மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறியதாக அறிவித்தபோது நாடே கொதித்தது. பெரிய கம்பெனி அரிசிப் பாகு கலந்தால் மோசடி, பின்கட்டில் சர்க்கரைப் பாகு சேர்ந்தால் மட்டும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

மாற்றுக் கருத்து ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தேனை எடுக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தாலும் தொல்லைதான். சித்திரையில் பூ அள்ளிக் கொடுத்து கீழ் அறை முழுக்கத் தேனால் நிறைந்துவிட்டால் ராணிக்கு முட்டையிட இடமிருக்காது, கூட்டம் பிரியக் கிளம்பும். அப்போது மேலே தேன் அறை வைத்து இடம் கொடுக்க வேண்டும். அங்கே மெழுகு மூடிய அடை சேர்ந்தால் அதில் ஒன்றிரண்டை எடுப்பதில் குற்றமில்லை. வீட்டுக் குழந்தைகள் நக்கிப் பார்க்க வேண்டாமா? அதற்கு மேல் ஆசைப்படுவதுதான் வேண்டாம்.

இத்தனை கறாராகச் சொல்வதற்கு முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சம்பவமும் காரணம். தமிழ்நாட்டில் தேனீ என்றால் மார்த்தாண்டம். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு வேலையில் இருந்த ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் பரவிய தொழில், குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களோடு சேர்ந்து பெருந்தொழிலாக வளர்ந்தது. 1991-92இல் தாய் சாக்புரூடு என்கிற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தது. புழுக்கள் தோலுக்குள் தண்ணீர் கட்டிய பை மாதிரி செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. தென்னிந்தியாவில் பெட்டியில் வளர்ந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பது அழிந்துபோயிற்று. தலைமுறையாகச் செய்தவர்கள் காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு தொழில் மீண்டு வந்தது எப்படி? நோய்க்குத் தாக்குப்பிடித்து மிஞ்சிய சில கூட்டங்களைப் பெருக்கித்தான். இன்றைக்குப் பெட்டியில் வளரும் இந்தியத் தேனீயில் பெரும்பகுதி அந்தத் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசு.

இதிலிருந்து புதியவருக்கு ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. எங்கிருந்தோ லாரியில் வரும் கூட்டத்தைவிட, பக்கத்து ஊரில் இரண்டு ஆடியைத் தாண்டிய கூட்டத்திலிருந்து பிரித்த ஒன்று மேல், விலை கூடுதலாக இருந்தாலும். இத்தாலியத் தேனீயின் 25 கிலோவைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 1960களில் வட இந்தியாவில் நிலைபெற்று, நோய்க்குப் பிறகு தெற்கே பரவிய அந்தத் தேனீ கெட்டிக்காரத் தேனீதான். ஆனால் பூ இருக்கிற ஊருக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும், உண்ணிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பெட்டி வைக்கிற ஆளுக்கு அது ஒத்துவராது. நம் தேனீக்கு வருவாவை (அந்த உண்ணியின் பெயர்) தானே பிடித்துக் கடித்துத் துப்பத் தெரியும்.

கடைசியாக, பெட்டிக்காரர் கையில் இல்லாத ஒரு விஷயம். இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றில்தான் இரை தேடும். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு எவ்வளவு? கால்குலேட்டரில் போட்டால் ஏறக்குறைய 776 ஏக்கர். பெட்டிக்காரருக்கு இருப்பது இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் மீதி 774 ஏக்கர் அடுத்தவர்களுடையது. அவர்கள் என்ன பயிர் வைக்கிறார்கள், எந்த மருந்தை எத்தனை மணிக்கு அடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்த இரண்டு ஏக்கரில் இருக்கிற பெட்டியின் ஆயுசு. பூத்த பயிரில் காலை எட்டு மணிக்கு மருந்தடித்தால் மாலையில் பெட்டி வாசலில் குவியல் குவியலாகச் செத்துக் கிடக்கும். அதே மருந்தை சாயங்காலம், தேனீ அடங்கிய பிறகு அடித்தால் சேதம் வெகுவாகக் குறையும். அடிக்கிறவருக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் மூன்று நியோனிகோடினாய்டு மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த 2018இல் தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். இங்கே அந்த அளவுக்குக்கூட வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்து அடித்தாலே பாதி தீரும்.

இதே வட்டத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அந்த 774 ஏக்கர்காரர்களுக்குப் பெட்டியால் கிடைப்பது என்ன? பாகல், புடலை, பீர்க்கனில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூச்சி வராவிட்டால் காய் கிடையாது. நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண்பூக்கள் உதிர்ந்த பிறகுதான் பெண்பூக்கள் தயாராகும், ஆகவே வேறு மரத்து மகரந்தம் வந்து சேர வேண்டும். காற்றும் தேனீயும்தான் தூது. சூரியகாந்தியில் தேனீ இருந்தால் மணி பிடிப்பது கூடும். இதற்கெல்லாம் யாரும் பெட்டிக்காரருக்குப் பணம் கொடுப்பதில்லை. "தேனீ பூவைக் கெடுத்துப்போடும்" என்று விரட்டாமல் இருந்தால் சரி.

பொருளாதாரப் பாடத்தில் புறவிளைவு என்று ஒரு தலைப்பு வரும். அதற்கு ஜேம்ஸ் மீட் 1952இல் எடுத்துக்கொண்ட உதாரணமே ஆப்பிள் தோட்டக்காரரும் தேனீக்காரரும்தான். இவருடைய பூவால் அவருக்குத் தேன், அவருடைய தேனீயால் இவருக்குக் காய், இரண்டுக்கும் விலை இல்லை என்பதால் சந்தை சரியாக வேலை செய்யாது என்றார். (மீட் பின்னால் 1977இல் நோபல் வாங்கினார்.) 1973இல் ஸ்டீவன் சியுங் என்பவர், அதெல்லாம் புத்தகத்தில்தான், அமெரிக்காவில் தோட்டக்காரர்கள் தேனீக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு வாடகை கொடுக்கிறார்கள் என்று வாஷிங்டன் மாநிலத்து உதாரணங்களோடு காட்டினார். இன்றைக்கும் கலிபோர்னியா பாதாம் தோட்டங்கள் பூக்கும் பருவத்தில் லட்சக்கணக்கான பெட்டிகளை வாடகைக்கு எடுக்கின்றன. கோயமுத்தூர், பொள்ளாச்சித் தோப்புகளைப் பொறுத்தவரை மீட் சொன்னதுதான் இன்னும் நடைமுறை. கணக்கில் இத்தனை கெட்டிக்காரத்தனம் இருக்கிற ஊரில் இந்த ஒரு கணக்கை மட்டும் யாரும் எழுதாமல் விட்டது விசித்திரம்தான்.

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ முதலில் தென்பட்டபோது கண்டதையெல்லாம் அடிக்கத் தோன்றியது. பூச்சிமருந்தைத் தவிர்த்து என்கார்சியா என்கிற ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்றுங்கள் என்றுதான் விஞ்ஞானிகள் சொன்னார்கள். அப்படிக் கேட்டு நடந்த தோப்பில் தேனீயும் பிழைத்திருக்கும். யாருக்காக அடிக்காமல் விட்டார்கள் என்பது தேனீக்கு முக்கியமில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. தோட்டக்கலைத் துறை வழியாகப் பெட்டிக்கு மானியம் உண்டு. 2020இல் மத்திய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. கோயமுத்தூரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாதம் ஒரு நாள் பயிற்சி நடத்தி வருகிறது. நல்ல பயிற்சி, ஆசைப்படுகிறவர்கள் அவசியம் போக வேண்டும். ஆனால் ஒரு நாள் பயிற்சியில் ஒரு நாளைத்தான் காட்ட முடியும். தையில் கற்றுக்கொண்டவருக்கு ஆடியில்தான் சந்தேகம் வரும். மானியப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் பெட்டிக்கு என்று கொடுக்காமல், ஊருக்கு ஊர் ஏற்கெனவே தேனீ வைத்திருக்கிற ஒரு பெரியவர் ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை புதியவர்களின் பெட்டியை வந்து பார்த்துவிட்டுப் போவதற்குப் படியாகக் கொடுத்தால் எத்தனையோ கூட்டங்கள் மிஞ்சும். கொடுத்த பெட்டியை எண்ணுவது சுலபம். மறுவருஷம் எத்தனை பெட்டியில் தேனீ இருக்கிறது என்று போய் எண்ணுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

புரட்டாசி கழிந்து ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் அடைந்து கிடக்கும். மூடியில் ஒழுகாமல் ஒரு தகரமோ ஓடோ போட்டு, பெட்டியைத் தண்ணீர் உள்ளே போகாதபடி வாசல் பக்கம் லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் வெயில் பார்த்த ஒரு நாள் மூடியைத் திறந்தால், ஐந்து சட்டமாவது தேனீ மூடியிருக்க வேண்டும், அறைக்கு ஒரு முட்டை தெரிய வேண்டும், அடையின் மேல் விளிம்பில் ஒரு விரற்கடையாவது மூடிய தேன் மிச்சமிருக்க வேண்டும். இருந்தால், மார்கழியில் தேன் அறைச் சட்டங்களுக்கு மெழுகுத் தகடு ஒட்டும் வேலையை ஆரம்பிக்கலாம்.